பழைய படங்கள், புதிய சந்தேகங்கள்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் இருக்கும் நியூ அல்ம் என்ற ஊரைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு பத்தி எழுதியிருந்தேன். 1854இல் பிரெய்ரி புல்வெளியின் ஓரத்தில் ஜெர்மன் குடியேறிகள் உண்டாக்கிய ஊர், 1858லேயே அங்கே ஜெர்மன் மொழியில் ஒரு பத்திரிகை வந்துவிட்டது, அந்தப் பக்கத்து ஊர்களில் அச்சுக்கூடம் என்பது பெரும்பாலும் ஒரு குடும்பத்தின் வேலை, ஆனால் அந்தக் குடும்பத்தின் படம் அவர்கள் பத்திரிகையிலேயே வராது என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. இந்த முறை எல்லாமே அதைப் பற்றித்தான், வேறு கேள்வி அனுப்பியவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

மினியாபொலிஸ் வாசகர்: இங்கே ஒரு வீட்டில் பெரியவர் காலமான பிறகு சாமான்களை விற்றபோது ஒரு ஷூ பெட்டி நிறையப் பழைய போட்டோக்கள் வாங்கினேன். ஜெர்மன் பத்திரிகை நடத்திய குடும்பம் என்று மட்டும் சொன்னார்கள், எதிலும் பெயர் இல்லை. நாலு படங்களை ஸ்கேன் செய்து அனுப்பியிருக்கிறேன். எந்தக் காலம் என்று கண்டுபிடிக்க முடியுமா சார்?

பெயர் கண்டுபிடிப்பது அப்புறம், காலத்தை ஓரளவு சொல்லலாம். பின்பக்கத்தையும் சேர்த்து அனுப்பினீர்களே, அதற்கு ஒரு கும்பிடு. நிறையப் பேர் முகத்தை மட்டும் ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டு "தாத்தாவுக்கு எத்தனை வயது இருக்கும்?" என்று கேட்கிறார்கள். தாடி வைத்த தாத்தாக்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் இருக்கிறார்கள், நான் என்ன செய்வது?

முதலில் அந்தச் சின்ன அட்டைப் படம். சுமார் இரண்டரைக்கு நாலு அங்குலம், முனைகள் நாலும் வளைக்காமல் சதுரமாக இருக்கின்றன. இதற்கு கார்ட் டி விசிட் என்று பெயர், 1854இல் பாரிஸில் டிஸ்டெரி என்பவர் காப்புரிமை வாங்கிய முறை. பின்பக்கம் அரைகுறையாக உரிந்துபோன 3 செண்ட் ஸ்டாம்ப் ஒன்று ஒட்டியிருக்கிறதே, அதைத் தபால் தலை என்று நினைத்துப் பிய்த்துவிடாதீர்கள். அது வரி ஸ்டாம்ப். உள்நாட்டுப் போர்ச் செலவுக்காக அமெரிக்க அரசு போட்டோவுக்கும் வரி போட்டது, 1864 செப்டம்பர் 1 முதல் 1866 ஆகஸ்ட் 1 வரைதான் அது நடைமுறையில் இருந்தது. ஆக, இந்தப் படம் அந்த இரண்டு வருஷத்துக்குள் விற்றது. இன்னொன்றும் தெரிகிறது: 25 செண்ட் வரை விலையுள்ள படத்துக்கு 2 செண்ட் வரி, அதற்கு மேல் 50 செண்ட் வரை 3 செண்ட், ஒரு டாலர் வரை 5 செண்ட். அதாவது உங்கள் படத்துக்கு யாரோ 25 செண்டுக்கு மேல் கொடுத்திருக்கிறார்கள். ஸ்டாம்ப் மேல் பேனாவால் கிறுக்கியிருப்பது போட்டோ எடுத்தவரின் கை. திரும்பப் பயன்படுத்த முடியாதபடி அவர் தன் முதலெழுத்தையும் தேதியையும் போட்டு அடிக்க வேண்டும் என்பது சட்டம். பெரிதாக்கிப் பாருங்கள், தேதி கிடைத்தாலும் கிடைக்கும்.

இரண்டாவது, கறுப்புத் தகட்டில் இருக்கும் தம்பதி. அது டின்டைப். பெயரில்தான் டின், உண்மையில் இரும்புத் தகடு, காந்தம் வைத்தால் ஒட்டும். 1856இல் ஒஹையோவில் ஹாமில்டன் ஸ்மித் காப்புரிமை வாங்கினார். கண்ணாடி நெகட்டிவ் கிடையாது, தகட்டிலேயே நேராகப் படம், கொஞ்ச நேரத்தில் கையில் கொடுத்துவிடுவார்கள். ஊர் ஊராக வண்டி கட்டிக்கொண்டு போனவர்களுக்கு இதுதான் சோறு போட்டது. இதில் ஒரு சங்கதி: படம் இடவலம் மாறித்தான் விழும். அந்த ஆளின் கோட்டைப் பாருங்கள், பொத்தான் வரிசை அவருடைய இடப்பக்கம் இருக்கிறது, ஆண்கள் கோட்டில் அப்படி வராது. இப்போது அந்த அம்மாவின் கையைப் பாருங்கள். மோதிரம் இடது கையில் இருப்பதாகத் தெரிகிறது, "அமெரிக்க வழக்கத்துக்கு மாறிவிட்டார்கள் போல" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். திருப்பிப் போட்டால் அது வலது கை! ஜெர்மனியில் கல்யாண மோதிரத்தைப் பெரும்பாலும் வலது கையில்தான் போடுவார்கள். வந்து எத்தனை வருஷம் ஆகியிருந்தாலும் அந்த அம்மா அதை மாற்றவில்லை. இறுக்கமான கை, கழுத்து வரை பொத்தான், இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் 1880களின் சாயல். ஆனால் டின்டைப் ரொம்ப காலம் ஓடிய முறை, கிராமப்புறத்தில் நல்ல உடுப்பை இருபது வருஷம் வைத்திருந்து போடுவார்கள் என்பதால் இதில் நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

மூன்றாவது கேபினெட் கார்ட். நாலேகாலுக்கு ஆறரை அங்குலம், கனத்த அட்டை. பெண்பிள்ளைகளின் தோள்பட்டையில் பலூன் மாதிரி உப்பிய கை இருக்கிறது பாருங்கள், அது 1895ஐ ஒட்டிய இரண்டு மூன்று வருஷத்து நாகரிகம். அதற்கு முன்னும் இவ்வளவு பெரிதில்லை, பின்னால் மளமளவென்று சுருங்கிவிட்டது. மேஜை மேல் மடித்து வைத்திருக்கும் பத்திரிகை சும்மா இல்லை, "இதுதான் எங்கள் தொழில்" என்று காட்ட வைத்தது. தச்சர் ரம்பத்தோடும் கொல்லர் சுத்தியலோடும் உட்கார்ந்து எடுத்துக்கொண்ட காலம் அது. 1200 டிபிஐக்குக் குறையாமல் அந்த மூலையை மட்டும் மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். தலைப்பில் நாலு எழுத்து தெரிந்தால் போதும், பத்திரிகை எது என்று பிடித்துவிடலாம். பத்திரிகை தெரிந்தால் நடத்தியவர் பெயர் தெரிந்துவிடும், அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் இணையத் தொகுப்பில் பழைய ஜெர்மன் பத்திரிகைகள் நிறைய இலவசமாகவே கிடக்கின்றன.

நாலாவது, அச்சுக்கூடத்தின் வாசலில் எடுத்த தபால் அட்டைப் படம். ஸ்டாம்ப் ஒட்டும் கட்டத்தைச் சுற்றி ஏஇசட்ஓ என்ற எழுத்தும், நாலு முனையிலும் மேல்நோக்கிய முக்கோணமும் இருக்கின்றன. அந்தத் தாள் 1904இலிருந்து 1918 வரை வந்தது. பின்பக்கம் நடுவில் கோடு போட்டுப் பாதி விலாசத்துக்கு, பாதி சேதிக்கு என்று பிரித்திருக்கிறது. அமெரிக்காவில் அப்படி எழுத அனுமதித்தது 1907 மார்ச் 1 முதல். ஆகவே 1907க்கும் 1918க்கும் நடுவில். நாலு படத்தில் எனக்குப் பிடித்தது இதுதான். ஸ்டூடியோ திரைச்சீலை இல்லை, ஏப்ரன் கட்டிய ஆள் முழங்கை வரை சட்டையை மடித்துவிட்டு நிற்கிறார், பையன் ஒருவன் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்குகிறான், கதவுக்குள் இருட்டில் ஒரு பெண் எட்டிப் பார்க்கிறாள். அந்தப் பெண்ணின் ஏப்ரனும் மை அப்பிய ஏப்ரன்தான். இதை அடுத்த பதிலில் பார்க்கலாம்.

சிவகாசி வாசகி: அச்சுக்கூடத்தில் வளர்ந்தவள் நான், அதனால் கேட்கிறேன். பத்திரிகை வைத்திருந்த குடும்பம், ஆனால் அவர்கள் படம் அவர்கள் பத்திரிகையிலேயே வரவில்லை என்று எழுதியிருந்தீர்களே, ஏன்? வீட்டுப் பெண்கள் வேலை பார்த்தார்களா?

பிளாக் (படம் அச்சடிக்கச் செய்யும் அச்சுத் தகடு) என்றால் என்ன என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை, பாதி வேலை மிச்சம். போட்டோவைப் புள்ளி புள்ளியாக உடைத்து அச்சடிக்கும் ஹாஃப்டோன் முறையில் அமெரிக்க நாளிதழ் ஒன்றில் படம் வந்தது 1880 மார்ச் 4இல், நியூயார்க்கின் டெய்லி கிராஃபிக்கில். அது நியூயார்க். பிரெய்ரி ஊரில் வாரம் ஒருமுறை கைப்பிரஸ்ஸில் சில நூறு பிரதி அடிக்கிறவர், பிளாக் எடுக்கப் பெரிய ஊருக்குப் படத்தை அனுப்பி, காசு கட்டி, அது ரயிலில் வந்து சேர்வதற்குள் சேதி ஊசிப்போயிருக்கும். வந்தாலும் அந்த மட்டமான தாளில் அடித்தால் முகம் ஒரே மசித் திட்டு. அதனால் மரத்தில் செதுக்கிய விளம்பரப் படம், கப்பல் படம், மாட்டுப் படம், இவற்றையே திரும்பத் திரும்பப் போட்டு ஓட்டினார்கள். ஆயிரம் பேருக்குச் சேதி அடித்துக் கொடுத்த குடும்பம் தன் முகத்தைச் சொந்தக்காரர்களுக்குக் காட்ட வேண்டுமென்றால் ஸ்டூடியோவுக்குப் போய் ஒரு டஜன் அட்டை வாங்கித் தபாலில்தான் அனுப்ப வேண்டியிருந்தது.

இந்தச் சிற்றூர்ப் பத்திரிகைகள் எப்படிப் பிழைத்தன என்பது இன்னும் சுவாரசியம். 1861இல் விஸ்கான்ஸினில் பாராபூ என்ற ஊரில் கெல்லாக் என்பவரின் ஆட்கள் போருக்குப் போய்விட, இவர் மாடிசன் நகரத்திலிருந்து ஒரு பக்கம் ஏற்கெனவே அச்சான தாள்களை வரவழைத்து மறுபக்கம் மட்டும் உள்ளூர்ச் சேதி அடித்தார். பிறகு சிகாகோவுக்குப் போய் அதையே பெரிய வியாபாரமாக்கினார். தொடர்கதை, உலகச் சேதி, மருந்து விளம்பரம் எல்லாம் சிகாகோவில் அடித்து வரும், கல்யாணமும் கருமாதியும் மழையும் மட்டும் ஊரில். வருமானத்துக்கு இன்னொரு வழி, நிலம். 1862இன் ஹோம்ஸ்டெட் சட்டப்படி 160 ஏக்கர் வாங்கி ஐந்து வருஷம் பயிர் வைத்தவர் பட்டா கேட்கும்போது, 1879 முதல், நிலத்துக்குப் பக்கத்துப் பத்திரிகையில் அறிவிப்புப் போட்டாக வேண்டும். பிரெய்ரியில் அத்தனை பத்திரிகைகள் முளைத்ததற்கு எழுத்தார்வம் மட்டும் காரணம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், இந்த அறிவிப்புக் காசும் ஒரு காரணம்.

பெண்கள் வேலை பார்த்தார்களா என்றால், பார்த்தார்கள். அச்சுக் கோர்ப்பது பெரும்பாலும் மனைவி, மகள்கள் கையில். ஜெர்மன் பத்திரிகைக்கு ஃபிராக்டூர் என்ற கோணல்மாணல் எழுத்து தனி கேஸ் (எழுத்துகளைப் போட்டு வைக்கும் பெட்டி), ஆங்கில விளம்பரத்துக்கு வேறு கேஸ், இரண்டையும் கலந்துவிடாமல் பிரித்துப் போட வேண்டும். கூலிக்கு ஆள் தேடினால் ஜெர்மன் படிக்கத் தெரிந்தவன் கிடைப்பது கஷ்டம். வாஷிங்டன் என்ற வகைக் கைப்பிரஸ்ஸில் ஒருவர் மை உருட்ட ஒருவர் இழுக்க மணிக்கு 200 முதல் 250 தாள், அதிலும் பையன்களுக்கு வேலை உண்டு. கம்போசிங்கை இயந்திரமாக்கிய லைனோடைப்பைக் கண்டுபிடித்த ஒட்மார் மெர்கென்தாலரே வூர்ட்டெம்பெர்க்கிலிருந்து 1872இல் வந்த ஜெர்மன்காரர்தான். 1886இல் நியூயார்க் ட்ரிப்யூனில் அது ஓட ஆரம்பித்துவிட்டது, ஆனால் சிறிய ஊர்களுக்கு எட்டும் விலையில் இல்லை, அங்கே மகள்களின் விரல்தான் இன்னும் பல வருஷம் ஓடியது. ஸ்டூடியோப் படத்தில் இவர்கள் லேஸ் வைத்த கழுத்தோடு உட்கார்ந்திருப்பார்கள், கை மடியில் மடங்கியிருக்கும். பார்த்த வேலையின் அடையாளம் படத்தில் தெரியாது.

மதுரை வாசகர்: அந்தக் காலப் படங்களில் யாருமே சிரிப்பதில்லையே? பின்னால் இரும்புக் கம்பி தெரிவதால் செத்தவரை நிறுத்தி எடுத்த படம் என்று வாட்ஸப்பில் வந்தது.

வாட்ஸப்பில் வராதது என்ன இருக்கிறது! அந்தக் கம்பி உயிருள்ளவர் தலை ஆடாமல் இருக்க முட்டுக் கொடுப்பது. ஒரு பிணத்தின் கனத்தை அது தாங்கவே தாங்காது. கறுப்புத் துணி போர்த்திய உருவம் குழந்தைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தால் அது பேயுமில்லை, பிள்ளை நெளியாமல் பிடித்துக்கொண்டிருக்கும் அம்மா. இறந்தவர்களைப் படம் எடுத்ததும் உண்டு, அவர்களைப் பெரும்பாலும் படுக்கையிலோ சவப்பெட்டியிலோ வைத்தே எடுத்தார்கள். சிரிப்பைப் பொறுத்தவரை, சில நொடி ஆடாமல் இருக்க வேண்டும் என்பது ஒன்று, போட்டோ எடுத்துக்கொள்வது கோர்ட்டுக்குப் போவது மாதிரி பெரிய காரியம் என்பது இன்னொன்று. 1900இல் கோடக் ஒரு டாலருக்கு பிரௌனி கேமராவை விற்ற பிறகுதான் வீட்டு ஆட்களே எடுக்க ஆரம்பித்து, பல்லும் தெரிய ஆரம்பித்தது.

யாழ்ப்பாணம் வாசகி: நல்லாய் இருக்குது, ஆனால் எங்கேயோ கிடக்கிற புல்வெளி ஊருக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்?

அம்மா, கேட்டீர்களே ஒரு கேள்வி. சம்பந்தமே இல்லை என்று சொல்லிவிடலாம் என்று இருந்தேன், ஆனால் உங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1862இல் ஒரு போரில் நியூ அல்ம் எரிந்த அதே வாரத்தில் அந்தப் புல்வெளியில் நின்று படம் எடுத்தவர் ஒருவர் உண்டு, ஏட்ரியன் ஈபெல். 1840இல் பிறந்தார். எங்கே? யாழ்ப்பாணத்தில்.

தமிழர் இல்லை, ஐரோப்பிய வழிக் குடும்பம். சிறுவயதிலேயே அமெரிக்கா போய் யேல் கல்லூரியில் படித்தவர். 1862 கோடையில் டகோட்டா என்ற பூர்வகுடி மக்களைப் படம் எடுக்கலாம் என்று எட்வின் லாட்டன் என்ற நண்பரோடு மினசோட்டா போனார். நிலத்தை எழுதி வாங்கியதற்கு அரசு வருஷாவருஷம் தர வேண்டிய பணம் டகோட்டா மக்களுக்கு வந்து சேரவில்லை, கிடங்கில் தானியம் இருந்தும் கடன் தர மறுத்தார்கள், பசி. ஈபெல் எடுத்த படங்களில் ஒன்று, டகோட்டாப் பெண்களும் பிள்ளைகளும் பரண் மேல் உட்கார்ந்து சோளக்கொல்லையில் பறவை விரட்டுவது. நம்மூர்த் தினைப்புனக் காட்சியேதான், பார்த்தால் அசந்துபோவீர்கள். அது எடுத்த கையோடு ஆகஸ்ட் 18இல் டகோட்டா மக்களுக்கும் குடியேறிகளுக்கும் இடையே போர் வெடித்தது. மிஷனரிக் குடும்பங்களோடு இவரும் ஓடினார். 21ஆம் தேதி புல்வெளியில் எல்லோரும் உட்கார்ந்து பசியாறியபோது கேமராவை நிறுத்தி ஒரு படம் எடுத்தார். களைத்த முகங்கள், தரையில் உட்கார்ந்த பெண்கள், வண்டி. ஈரம் காய்வதற்குள் கழுவ வேண்டிய கண்ணாடித் தகடு, மருந்துப் பெட்டி, இருட்டுக் கூடாரம், இத்தனையையும் உயிருக்கு ஓடும்போது தூக்கிக்கொண்டு போயிருக்கிறார், அது எனக்கு இன்னும் பிடிபடாத மனநிலை. செயின்ட் பால் நகரின் விட்னி ஸ்டூடியோ அதைச் சின்ன அட்டைகளாக அடித்து விற்றுத் தள்ளியது.

நியூ அல்ம் 19ஆம் தேதியும் 23ஆம் தேதியும் தாக்கப்பட்டு ஊரின் பெரும்பகுதி எரிந்தது. 25இல் சுமார் 2000 பேர் மன்கேட்டோவுக்கு வண்டி கட்டிக்கொண்டு போனார்கள். 1858இல் தொடங்கிய பயோனியர் பத்திரிகை அதோடு நின்றது. அந்த மன்கேட்டோவில்தான் டிசம்பர் 26இல் 38 டகோட்டாக்காரர்களைத் தூக்கிலிட்டார்கள், அடுத்த வருஷம் மிச்சப் பேரை மாநிலத்தை விட்டே துரத்தினார்கள். ஷூ பெட்டி நிறைய ஜெர்மன் குடும்பப் படங்கள் கிடைக்கின்றன, அந்த நிலத்தில் முன்பு இருந்தவர்களின் குடும்பப் படங்கள் அப்படி ஏலத்துக்கு வருவதில்லை. 1864இல் போஸ்ட் என்ற புதிய ஜெர்மன் பத்திரிகை வந்தது, மினியாபொலிஸ் வாசகரின் வரி ஸ்டாம்ப் படமும் ஏறத்தாழ அந்தக் காலம்தான்.

ஈபெல் கதை இன்னும் கொஞ்சம். 1863 ஜூனில் ஹார்ப்பர்ஸ் மாத இதழில் இந்தப் போரைப் பற்றி எழுதினார், படங்கள் செதுக்கோவியமாகத்தான் வந்தன, சிவகாசிக்குச் சொன்ன அதே காரணம். பிறகு பெண்களுக்கான கல்வியில் இறங்கி 1877இல் காலமானார். கலிபோர்னியாவில் இன்றும் இருக்கும் ஈபெல் மகளிர் சங்கங்கள் இவர் பெயர்தான்.

கோவை வாசகர்: முதல் உலகப்போர் சமயத்தில் இவர்கள் கதி என்ன? 1918க்கு அப்புறம் ஜெர்மன் பலகையோடு கடைப் படங்கள் அதிகம் கண்ணில் படுவதில்லையே.

பலகையே இல்லை, எங்கே படம் எடுப்பது? 1917 ஏப்ரலில் அமெரிக்கா போரில் இறங்கியது. அக்டோபர் 6இல் வந்த சட்டப்படி, வேற்று மொழிப் பத்திரிகை அரசைப் பற்றியோ போரைப் பற்றியோ எது எழுதினாலும் ஆங்கில மொழிபெயர்ப்பைத் தபால் அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். இரண்டு பேர் நடத்தும் பத்திரிகைக்கு இது முடிகிற காரியமா? நியூ அல்மில் 1917 ஜூலை 25இல் கட்டாய ராணுவச் சேர்க்கை பற்றி ஒரு பெரிய கூட்டம் நடந்தது, அதன் விளைவாக மேயர் ஃபிரிட்ஷேயையும் நகர வக்கீல் ஃபெண்டரையும் கவர்னர் பதவியிலிருந்து நீக்கினார். பத்திரிகாசிரியர் ஆல்பர்ட் ஸ்டைன்ஹவுசர் கைதானார். செயின்ட் பாலில் ஒரு இன்சூரன்ஸ் கட்டடத்தின் மேல் நின்ற ஜெர்மானியா (ஜெர்மனியைப் பெண்ணாக உருவகித்தது) சிலையையே 1918இல் இறக்கிவிட்டார்கள் என்றால் பெட்டிக்கடைக்காரர் பலகையை விட்டுவைப்பாரா?

ஆனால் எல்லாம் அதோடு முடிந்தது என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 1874இல் பக்கத்து டகோட்டா பிரதேசத்தின் யாங்க்டன் ஊரில் தொடங்கிய டகோட்டா ஃப்ரையே ப்ரெஸ்ஸே, ரஷ்யாவிலிருந்து வந்த ஜெர்மானியர்களின் கடிதங்களாலேயே வாழ்ந்த பத்திரிகை, போருக்குப் பிறகு 1920இல் நியூ அல்முக்கே குடிபெயர்ந்து 1954 வரை வந்தது.

சேலம் வாசகி: கேபினெட் கார்டு அழுக்காக இருந்தால் ஈரத் துணியால் துடைக்கலாமா?

கூடவே கூடாது. டின்டைப்பையும் கழுவக் கூடாது, வார்னிஷ் உரிந்து துரு ஏறும். மெல்லிய பிரஷ்ஷால் தூசியை மட்டும் தட்டுங்கள், அமிலம் இல்லாத தாளில் தனித்தனியாக வையுங்கள். பசை, செல்லோடேப், லேமினேஷன், மூன்றும் விஷம்.

மினியாபொலிஸ் வாசகரின் பின்குறிப்பு: ஒரு அட்டையின் பின்னால் பென்சிலில் ஏதோ கிறுக்கல், ஜெர்மன் தெரிந்த நண்பராலும் படிக்க முடியவில்லை.

உங்கள் நண்பர் மேல் தப்பில்லை. அது கூர்ரென்ட் என்ற பழைய கையெழுத்து முறை, 1941க்குப் பிறகு ஜெர்மன் பள்ளிகளில் அதைச் சொல்லிக்கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள், இன்றைய ஜெர்மானியர்களே திணறுகிறார்கள். சில எழுத்துகள் ஒரே மாதிரி பல் பல்லாக இருக்கும். டிரான்ஸ்கிரிபஸ் என்ற மென்பொருள் நீளமான கடிதங்களை ஓரளவு படித்துவிடும், ரெண்டு வார்த்தைக் குறிப்பில் தடுமாறும். இணையத்தில் கூர்ரென்ட் அரிச்சுவடி அட்டவணை கிடைக்கும், அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதலில் எண்களையும் ஊர்ப் பெயரையும் தேடுங்கள். அப்படியும் பிடிபடவில்லை என்றால் நியூ அல்மில் பிரௌன் கவுண்டி வரலாற்றுச் சங்கம் இருக்கிறது, முன்பக்கமும் பின்பக்கமும் சேர்த்து அவர்களுக்கு ஒரு பிரதி அனுப்பிப் பாருங்கள்.